இருபது டன் சுருள் ஏன் நகர்கிறது?

கேள்வி: துறைமுகத்தில் இரும்புத் தகட்டுச் சுருள் ஏற்றி இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் கொண்டுபோக, சொந்தமாக ஒரு ட்ரெய்லர் வாங்கியிருக்கிறேன். "ஒரு சுருள் இருபது டன். அது எங்கே நகரப்போகுது? நாலு பெல்ட் போட்டு, மேலே நல்ல தார்ப்பாயை இழுத்துக் கட்டினால் போதும்" என்கிறார் எங்கள் டிரைவர் அண்ணன். பெல்ட்டிலும் ஐந்து டன் என்றுதான் போட்டிருக்கிறது. கணக்கு சரியாகத்தானே வருகிறது? கட்டுவதற்கு எதை வாங்குவது, மூடுவதற்கு எதை வாங்குவது?
– ஒரு வாசகர், கல்மண்டபம்

பதில்: நாலைந்து இருபது. வாய்ப்பாட்டில் உங்கள் டிரைவரை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த வாய்ப்பாடு ஓடுகிற வண்டிக்குச் செல்லாது. அது ஏன் என்று பார்த்துவிட்டால், எதை வாங்குவது என்ற கேள்விக்கு விடை தானாக வந்துவிடும்.

முதலில் அந்த "எங்கே நகரப்போகுது" என்பதை எடுத்துக்கொள்வோம். நின்றுகொண்டிருக்கும் வண்டியில் இருபது டன்னை நீங்களும் நானும் தள்ளி நகர்த்த முடியாது, உண்மைதான். ஆனால் பிரேக் போடும்போது சுருளை யாரும் தள்ளுவதில்லை. வண்டி நிற்கிறது, சுருள் தன் பழைய வேகத்திலேயே போகப் பார்க்கிறது. அதை நிறுத்தத் தேவைப்படும் விசை எடை கூடக்கூடக் கூடும். தளத்தோடு அதற்கு இருக்கும் உராய்வும் அதே அளவில் கூடும். இரண்டும் ஒன்றாக ஏறுவதால் எடை கணக்கிலிருந்தே கழன்றுவிடுகிறது. ஒரே தளம், ஒரே பிரேக் என்றால், இருபது கிலோ இரும்புத் துண்டு எந்த நொடியில் வழுக்குமோ அதே நொடியில்தான் இருபது டன் சுருளும் வழுக்கும். வித்தியாசமெல்லாம், அது போய் எதில் மோதுகிறது என்பதில்தான். மோதுவது பெரும்பாலும் டிரைவர் உட்கார்ந்திருக்கும் கேபினில்.

அடுத்து, எவ்வளவு விசையைத் தாங்க வேண்டும்? சரக்குக் கட்டுவதற்கான ஐரோப்பிய விதிகளும் அமெரிக்க விதிகளும் இதில் ஒத்துப்போகின்றன. கடும் பிரேக்கில் முன்பக்கமாகச் சரக்கின் எடையில் 80 சதவீதம். பக்கவாட்டிலும் பின்பக்கமாகவும் 50 சதவீதம். ஆக, உங்கள் சுருளை முன்னால் பாயாமல் பிடிக்க 16 டன் விசை வேண்டும்.

இதில் உராய்வு எவ்வளவு தரும்? பொருள் தளத்தை எவ்வளவு பற்றுகிறது என்பதைக் காட்டும் எண்ணுக்கு உராய்வெண் என்று பெயர். இரும்புத் தளத்தின் மேல் இரும்பு என்றால் அது ஏறக்குறைய 0.2, எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் 0.1-க்கே இறங்கிவிடும். 0.2 என்றே வைத்தாலும் கிடைப்பது 4 டன்தான். மீதி 12 டன்னுக்குக் கட்டுதான் பொறுப்பு.

இப்போது பெல்ட்டுக்கு வருவோம். 50 மில்லிமீட்டர் ராட்செட் பெல்ட்டில் பெரிதாகப் போட்டிருக்கும் 5 டன் என்பது பொதுவாக அது அறுந்துபோகும் அளவு. அதில் தைத்திருக்கும் சிறிய லேபிளைப் படியுங்கள். எல்.சி. 2500 என்று இருக்கும். நேராக இழுத்தால் பாதுகாப்பாகத் தாங்கும் அளவு, அதாவது இரண்டரை டன். பக்கத்திலேயே எஸ்.டி.எஃப். 300 என்றும் இருக்கலாம். ராட்செட்டைக் கையால் இறுக்கும்போது பெல்ட்டில் ஏறும் இழுவிசை அது. சுமார் 300 கிலோ. சரக்கின் மேலே போட்டு இறுக்கும் பெல்ட், சரக்கைப் பிடித்து வைப்பதில்லை. தளத்தோடு அழுத்தி உராய்வைக் கொஞ்சம் கூட்டுகிறது, அவ்வளவுதான். இரு பக்கமும் சேர்த்து 600 கிலோ அழுத்தம், அதில் 0.2 பங்கு, 120 கிலோ. 12 டன் குறையை ஈடுகட்ட நூறு பெல்ட் வேண்டும். உங்கள் டிரைவர் நான்கு என்கிறார்.

சாலையும் தன் பங்குக்குக் கெடுக்கும். எண்ணூர் நெடுஞ்சாலைப் பள்ளத்திலோ மணலி வேகத்தடையிலோ வண்டி தூக்கிப் போடும்போது, ஒரு கணம் சுருள் தளத்தை அழுத்துவது குறைகிறது. அந்தக் கணத்தில் உராய்வும் குறைகிறது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்த சரக்குதான் கடைசியில் ஒரு வளைவில் சாய்கிறது.

இனி வாங்க வேண்டியவை, முக்கியத்துவ வரிசையில்.

ஒன்று, வழுக்காத ரப்பர் பாய். இருப்பதிலேயே விலை குறைவு, பலன் அதிகம். இரும்பு நேரடியாக இரும்பைத் தொடாதபடி சுருளுக்கும் கட்டைக்கும் இடையிலும், கட்டைக்கும் தளத்துக்கும் இடையிலும் போட்டால் உராய்வெண் 0.6 வரை ஏறும். உராய்வே 12 டன்னைப் பார்த்துக்கொள்ளும். கட்டின் பொறுப்பு 4 டன்னாகக் குறைந்துவிடும்.

இரண்டு, சாய்வாகச் சீவிய கனமான மரக்கட்டைகள். சுருள் உருளாமல் இரண்டு கட்டைகளுக்கு நடுவே உட்கார வேண்டும். கட்டைகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகாதபடி அவற்றையும் பிணைக்க வேண்டும்.

மூன்று, சங்கிலி. சுருளுக்கு இதுதான் சரி, பெல்ட் அல்ல. 'கிரேடு 80' என்று முத்திரை குத்திய 8 மில்லிமீட்டர் சங்கிலி 4 டன் தாங்கும்; 10 மில்லிமீட்டர் 6.3 டன். சுருளின் கண் வழியாக, அதாவது நடுத்துளை வழியாக நுழைத்து, இரண்டு சங்கிலிகளைப் பின்பக்கமாகவும் இரண்டை முன்பக்கமாகவும் சாய்த்து இழுங்கள். பின்னோக்கி இழுக்கும் இரண்டும் 8 மில்லிமீட்டராக இருந்து 45 பாகைச் சாய்வில் நின்றாலே ஐந்தரை டன்னுக்கு மேல் பிடிக்கும். ஆனாலும் 10 மில்லிமீட்டரே வாங்குங்கள். இறுக்குவதற்குத் திருகு இறுக்கி, விளிம்பு படும் இடத்தில் மூலைக்காப்பு (தகட்டையும் சங்கிலியையும் காக்கும் வளைந்த துண்டு) இரண்டும் வேண்டும். சங்கிலியைச் சேஸியோடு பற்றவைத்த வளையத்தில்தான் மாட்ட வேண்டும். தார்ப்பாய்க் கயிறு கட்டும் பக்கக் கொக்கியில் மாட்டினால் கொக்கி கையோடு வந்துவிடும்.

பெல்ட் வீணா என்றால், இல்லை. பெட்டிகள், மூட்டை அடுக்கிய பலகைகளுக்கு பாலியஸ்டர் பெல்ட் நல்லது. நைலான் கயிற்றைவிடக் குறைவாகவே நீளும். முடிச்சு மட்டும் போடாதீர்கள். முடிச்சு விழுந்த பெல்ட் தன் பலத்தில் பாதியையாவது இழந்துவிடும்.

கடைசியாகத்தான் தார்ப்பாய். அதன் வேலை மழையையும் தூசியையும் தடுப்பது, சரக்கைப் பிடிப்பதல்ல. கடையில் ஜி.எஸ்.எம். என்பார்கள், ஒரு சதுர மீட்டர் துணியின் எடை கிராமில். 200, 250 ஜி.எஸ்.எம். பிளாஸ்டிக் தார்ப்பாய் இலேசானது, மலிவானது. மூட்டைகளுக்குப் போதும், ஆனால் சுருளின் விளிம்பில் கிழியும். பருத்திக் கேன்வாஸ் காற்றை விடும். நனைந்தால் தூக்கவே ஆள் வேண்டும், காயவைக்காமல் மடித்தால் பூஞ்சை பிடிக்கும். இரும்புச் சுருளுக்கு 600 ஜி.எஸ்.எம். அளவில் பி.வி.சி. பூசிய துணிதான் என் பரிந்துரை. இரண்டு துண்டாகப் போட்டால் பின்துண்டை முதலில் விரித்து, முன்துண்டு அதன்மேல் படியும்படி ஓடு வேய்வதைப் போல மூடுங்கள். காற்று உள்ளே புகாது. வேகம் இரட்டித்தால் காற்றின் விசை நான்கு மடங்கு. படபடக்கும் தார்ப்பாய் சீக்கிரம் கிழியும்.

"தார்ப்பாய் போட்டும் துருப்பிடிக்கிறதே" என்று அடுத்து நீங்கள் கேட்கக்கூடும். கப்பலின் அடித்தளத்தில் குளிர்ந்து கிடந்த இரும்பு நம் கடலோரக் காற்றைத் தொட்டதும் வேர்க்கிறது. காற்றில் இருக்கும் உப்பு அந்த ஈரத்தோடு சேர்ந்து துருவை விரைவுபடுத்துகிறது. ஈரமான சுருளைப் பிளாஸ்டிக்கால் ஒட்ட மூடினால் ஈரம் உள்ளேயே சிறைப்படும். துடைத்துவிட்டு, இடையே கட்டை வைத்துக் காற்றோட்டம் விட்டு மூடுங்கள்.

வண்டி கிளம்பி முதல் சில கிலோமீட்டருக்குள் கட்டு தளரும். மாதவரம் தாண்டுவதற்குள் ஒருமுறை இறங்கி இறுக்கச் சொல்லுங்கள். கையில் பணம் குறைவென்றால் தார்ப்பாயில் மிச்சம் பிடியுங்கள். ரப்பர் பாயிலும் சங்கிலியிலும் வேண்டாம். துருப்பிடித்த சரக்குக்குப் பார்ட்டியிடம் விலை பேசிக்கொள்ளலாம். சாலையில் உருண்ட சுருளுக்கு யாரிடமும் பேச முடியாது.