கடற்காற்றில் கரையும் முதலீடு: ஏசியின் வெளிப்புற யூனிட்டைக் காப்பது எப்படி?

மும்பை, விசாகப்பட்டினம், புரி, கொச்சி, சென்னை போன்ற கடலோர நகரங்களில் வாழும் நம்மில் பலருக்கு இந்த ஏமாற்றம் புதிதன்று. தவணையில் வாங்கிய ஏசி, கடைசித் தவணை கட்டி முடியும் முன்பே குளிர்ச்சியை இழக்கிறது. பழுது பார்க்க வருபவர் ‘கேஸ் போய்விட்டது’ என்று கூறி நிரப்பிச் செல்கிறார். அடுத்த கோடையிலும் அதே செலவு. ஏசியில் உள்ள வாயு மூடிய குழாய்க்குள் சுற்றி வருவது. பயன்பாட்டால் தீர்ந்து போவதன்று. அது குறைந்தால் எங்கோ துளை விழுந்திருக்கிறது என்றே பொருள். அத்துளைக்குப் பல வேளைகளில் காரணமாவது, வெளிப்புற யூனிட்டின் கண்டென்சர் சுருளில் ஏற்படும் அரிப்பு.

அரிப்பு நிகழும் விதம்

கண்டென்சர் சுருள் பொதுவாக இரு உலோகங்களால் ஆனது. வாயு ஓடுவது செம்புக் குழாயில். வெப்பத்தைக் காற்றில் விடுவது அக்குழாயைப் பற்றியிருக்கும் மெல்லிய அலுமினியத் தகடுகள். இத்தகடுகளின் தடிமன் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டரே. இவ்விரு உலோகங்களும் தொடும் இடத்தில் உப்புநீர் படிந்தால் அங்கே ஒரு சிறு மின்கலம் உருவாகிறது. அதில் அலுமினியம் தன்னை இழந்து செம்பைக் காக்கிறது. வெண்பொடியாக உதிரும் தகடு குழாயை விட்டு விலகுவதால் வெப்பம் வெளியேறுவது தடைப்படுகிறது, கம்ப்ரஸர் கூடுதலாக உழைக்கிறது, மின்கட்டணம் உயர்கிறது. ஆகவே துளை விழுவதற்கு நெடுநாள் முன்பே நம் பணம் கசியத் தொடங்கிவிடுகிறது.

மழை இல்லாத நாளில் ஈரம் எங்கிருந்து வருகிறது? தூய சாப்பாட்டு உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டை எட்டும்போது நீரை ஈர்த்துக் கரைகிறது. கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடோ ஏறத்தாழ 33 விழுக்காட்டிலேயே நீரை ஈர்க்கும். எனவே கடலோரத்தில் உப்புப் படிந்த சுருள் பெரும்பாலான நேரம் ஈரமாகவே இருக்கிறது.

கடல் இல்லாத ஊரிலும் இடர் உண்டு. திறந்த சாக்கடைகளிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு செம்பைக் கறுக்கச் செய்து அரிக்கிறது. வீட்டில் வெள்ளிக் கொலுசும் குத்துவிளக்கும் வழக்கத்தைவிட விரைவாகக் கறுத்தால் அதை ஓர் எச்சரிக்கையாகக் கொள்ளலாம். கணினி அறைகளின் காற்றைச் சோதிக்கும் வல்லுநர்களும் செம்பு, வெள்ளித் தகடுகளை 30 நாட்கள் தொங்கவிட்டே அதன் தன்மையை அளக்கின்றனர்.

வாங்கும்போது கேட்க வேண்டியவை

விளம்பரங்களில் காணப்படும் நீலநிறத் தகடு பயனுடையதே. ஆயினும் அதன் எல்லையை அறிந்திருத்தல் வேண்டும். பொதுவாக அலுமினியத் தாளுக்கு முதலில் பூச்சிட்டு, பின்னரே அதை வெட்டித் துளையிடுகின்றனர். வெட்டு விளிம்புகள் பூச்சின்றி நிற்கின்றன. அரிப்பு அங்கிருந்தே தொடங்குகிறது. கடலுக்கு மிக அருகில் வசிப்போர், முழுமையாகக் கோத்து முடித்த சுருளைப் பூச்சுக் குழம்பில் முக்கியோ மின்முறையில் பூச்சேற்றியோ தரும் வகை கிடைக்குமா என்று கேட்பது நன்று.

‘1,000 மணிநேர உப்புத்தெளிப்புச் சோதனை’ என்ற சொற்றொடரையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். வழக்கமான அச்சோதனையில் 35 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 5 விழுக்காடு உப்புக் கரைசல் இடைவிடாது தெளிக்கப்படுகிறது. ஒரு பூச்சை மற்றொன்றோடு ஒப்பிட இது உதவும். இத்தனை ஆண்டு உழைக்கும் என்று கணிக்க உதவாது.

பொருத்துதலும் பராமரிப்பும்

கடற்காற்று நேரே மோதும் சுவரைத் தவிர்த்து, கட்டடத்தின் மறுபக்கத்தில் யூனிட்டைப் பொருத்துவது செலவில்லாத பாதுகாப்பு. தாங்கிகள் துத்தநாகம் பூசிய இரும்பாகவோ துருப்பிடிக்கா எஃகாகவோ இருக்கட்டும். மழை உப்பைக் கழுவும் நண்பன் என்பதால், மழை படாதவாறு நெருக்கமாகக் கூரை போட வேண்டியதில்லை. பயன்படுத்தாத மாதங்களில் பாலித்தீன் உறையால் இறுக மூடுவதும் ஈரத்தைச் சிறைப்படுத்தும் செயலே.

கடலுக்கு அண்மையில் மாதம் ஒருமுறை, பிற இடங்களில் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை, மின்சாரத்தை முழுவதும் துண்டித்துவிட்டு, நல்ல நீரை மெல்லிய தாரையாக மேலிருந்து கீழாக விட்டுச் சுருளைக் கழுவலாம். உப்புச்சுவையுள்ள ஆழ்குழாய் நீர் வேண்டாம். அழுத்தம் மிகுந்த நீர் தகடுகளை வளைக்கும். காரமோ அமிலமோ மிகுந்த துப்புரவுக் கரைசல்கள் அலுமினியத்தையே கரைக்கும். உயர்ந்த தளங்களில் வெளிச்சுவரில் தொங்கும் யூனிட்டை நாமே கழுவ முற்படாமல், பயிற்சி பெற்றவரிடமே ஒப்படைப்போம்.

ஒரு கணக்கு

40,000 ரூபாய் விலையுள்ள ஏசி நான்கே ஆண்டுகளில் பழுதானால், ஆண்டுக்கு 10,000 ரூபாய் செலவாகிறது. பூச்சுக்கும் நல்ல தாங்கிக்கும் 5,000 ரூபாய் கூடுதலாகச் செலவிட்டு அதே ஏசியை எட்டு ஆண்டுகள் உழைக்கச் செய்தால், ஆண்டுச் செலவு 5,625 ரூபாயாகக் குறைகிறது.

காப்பீடு இருக்கிறதே என்று எண்ணிவிட வேண்டாம். வீட்டுப் பொருள் காப்பீடுகளில் துரு, தேய்மானம் போன்று மெல்ல நிகழும் சேதங்கள் பொதுவாக அடங்குவதில்லை. தயாரிப்பாளரின் உத்தரவாதம் அரிப்பை ஏற்கிறதா என்பதையும் ரசீதில் கையொப்பமிடும் முன்பே படித்தறிய வேண்டும். வாயு நிரப்ப வருபவரிடம் முதலில் கசிவைக் கண்டுபிடித்து அடைக்கச் சொல்வோம். அடைக்காமல் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதே ஆகும்.