ஷின்ஜிக்கு வயது 14: பிள்ளைகளோடு பழக வரும் புதியவர்களுக்குச் சில அறிவுரைகள்

மலாக்காவில் வார இறுதி டியூசன், தேவார வகுப்பு, இளைஞர் மன்றம் என்று பிள்ளைகளோடு வேலை செய்ய வரும் தம்பி தங்கைகள் என்னிடம் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று உண்டு. "சார், இந்தப் பிள்ளைங்க அனிமேயைத் தவிர வேற எதையும் பேச மாட்டேங்குதுங்க. அதுவும் மனசு ஒடிஞ்சுபோன பாத்திரங்களைப் பத்தியே பேசுதுங்க." இடைநிலைப்பள்ளியில் ஆலோசக ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என் பதில்: பேசட்டும். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லத் தயங்கும் பிள்ளை, 'நாருத்தோ'வில் வரும் காராவைப் பற்றி ஒரு மணி நேரம் பேசும். அதைக் கேட்கப் பழகுங்கள்.

1. 'பொம்மைப் படம்' என்று சொல்லாதீர்கள்.

உங்களில் பலர் மலாய் பேசிய டோராமோனைப் பார்த்து வளர்ந்தவர்கள். எல்லா அனிமேயும் அப்படித்தான் என்று நினைத்துவிட வேண்டாம். 1995 அக்டோபரில் ஜப்பானியத் தொலைக்காட்சியில் தொடங்கிய 'நியோன் ஜெனிசிஸ் இவாஞ்சலியன்' 26 பகுதிகள் ஓடியது. அதன் இயக்குநர் ஹிதேயாக்கி அன்னோ, அதற்கு முன் நான்கு ஆண்டுகள் எதுவும் செய்ய முடியாமல் மனம் நொறுங்கிக் கிடந்ததாகத் தாமே சொன்னவர். அந்தத் தவிப்பைத்தான் கதையாக்கினார். நாயகன் ஷின்ஜிக்கு வயது 14. நம் கணக்கில் படிவம் 2. பல ஆண்டுகள் ஒதுக்கி வைத்திருந்த அப்பா திடீரென அவனை வரச்சொல்கிறார். பாசத்தால் கூப்பிடவில்லை, ராட்சத இயந்திரத்தை ஓட்ட ஆள் தேவைப்படுகிறது. சிங்கப்பூரில் வேலை பார்த்து, எப்போதாவது வீட்டுக்கு வந்து, "எத்தனை மார்க்?" என்று மட்டும் கேட்கிற அப்பாவின் பிள்ளைக்கு இந்தக் கதையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

2. பிள்ளை எந்த வீட்டுக்குத் திரும்பிப் போகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

தெபோங், புக்கிட் ஆசஹான், ஜாசின் லாலாங் பக்கத்துத் தோட்டங்களில் லயத்து வாழ்க்கை இருந்தபோது, அம்மா விடியுமுன் பால் வெட்டப் போனாலும் ஆயாக் கொட்டகை இருந்தது, பக்கத்து வீட்டுப் பாட்டி இருந்தார். அங்கே வறுமைக்கும் சம்சுவுக்கும் குறைவில்லை; அது பொற்காலம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பிள்ளை தனியாக இருக்கவில்லை. இன்று தாமான் வீட்டில் கிரில் கதவைப் பூட்டிக்கொண்டு அது தனியாக இருக்கிறது. அப்பாவும் அம்மாவும் பத்து பெரண்டாமிலோ ஆயர் குரோவிலோ தொழிற்சாலை ஷிப்ட்டில். அதோடு, ஆறு ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் வாயாடியாக இருந்த பிள்ளை, படிவம் 1-இல் எல்லாமே மலாயில் என்றானதும் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துவிடுகிறது. கூட்டத்தின் நடுவே தனியாக நிற்கும் பாத்திரம் அதற்கு எளிதில் பிடித்துப்போகிறது.

3. நீங்கள் முதலில் பாருங்கள்.

எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது 'ஏ சைலண்ட் வாய்ஸ்'. நவோக்கோ யமாடா இயக்கி 2016-இல் வந்த படம். தொடக்கப்பள்ளியில் காது கேளாத ஷோக்கோவைப் பகடிவதை செய்கிறான் ஷோயா. பிறகு வகுப்பே அவனை ஒதுக்குகிறது. உயர்நிலைப்பள்ளிக்குப் போன பிறகும் குற்ற உணர்ச்சி அவனை விடவில்லை. வதைத்தவனும் வதைபட்டவளும் ஒரே கதையில் இருப்பதால், உங்கள் வகுப்பில் உள்ள இரு தரப்புப் பிள்ளைகளுக்கும் அதில் இடமுண்டு. ஒன்று மட்டும்: உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் படத்தின் தொடக்கத்திலேயே வருகிறது. நீங்கள் பார்க்காமல் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டாதீர்கள்.

4. மனசை எப்படி வரைந்திருக்கிறார்கள் என்று கவனியுங்கள்.

அதே படத்தில் ஷோயா யாருடைய முகத்தையும் நிமிர்ந்து பார்க்க மாட்டான். அதனால் சுற்றியுள்ள எல்லார் முகத்திலும் ஒரு நீலப் பெருக்கல் குறி ஒட்டியிருக்கும். ஒருவரோடு நட்பானதும் அவருடைய குறி மட்டும் கழன்று விழும். மனப்பதற்றத்தை இதைவிடத் தெளிவாகச் சொற்பொழிவில் சொல்ல முடியுமா? இவாஞ்சலியன் 22-ஆம் பகுதியில் ஷின்ஜியைப் போலவே இயந்திரம் ஓட்டும் அசுக்கா, ரெய் என்ற இரு பெண்களும் லிஃப்டில் நிற்பார்கள். ஏறக்குறைய ஒரு நிமிடம் படம் அசையாது, பேச்சும் கிடையாது. வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அந்த அமைதியை அனுபவித்த பிள்ளைக்கு அது நீளமாகத் தோன்றாது. பிள்ளைகள் இந்தப் பாத்திரங்களில் தங்களையே காண்பதற்கு, முகங்கள் நாலைந்து கோடுகளில் எளிமையாக இருப்பதும் ஒரு காரணம். கோடு குறையக் குறைய, பார்ப்பவர் அந்த முகத்தில் தன்னையே வைத்துப் பார்ப்பது எளிதாகிறது என்று ஸ்காட் மெக்லவுட் 1993-இல் எழுதிய சித்திரக்கதை பற்றிய நூலில் விளக்கினார்.

5. பாத்திரத்தைப் பற்றியே கேளுங்கள். பேச்சைப் பிள்ளை பக்கம் திருப்ப அவசரப்படாதீர்கள்.

ஜாசினில் ஒரு பையன் என்னிடம் சொன்னான்: "காராவுக்குத் தூக்கமே இல்ல சார். தூங்கினா உள்ள இருக்கிற பூதம் அவன் மனச தின்னுடும்." "உனக்குத் தூக்கம் வருதா?" என்று நான் கேட்டிருந்தால் பேச்சு அத்தோடு நின்றிருக்கும். "அவனைப் பாத்துக்க யாருமே இல்லையா?" என்று கேட்டேன். "மாமா ஒருத்தர் இருந்தாரு. பாசமாத்தான் இருந்தாரு. கடைசில அவரே கொல்ல வந்துட்டாரு." சற்று நேரம் கழித்து, "நம்புன ஆளு அப்படி செஞ்சா யாருக்கு சார் தூக்கம் வரும்?" என்றான். அவன் வீட்டுக் கதை பல வாரங்கள் கழித்துத்தான் வந்தது, அவனாகவே சொன்னான்.

6. நோய்ப் பெயர் சூட்டாதீர்கள்.

'நாருத்தோ'வில் வரும் இத்தாச்சியைப் பிடிக்கும் என்பதாலோ, கறுப்புச் சட்டை போடுவதாலோ ஒரு பிள்ளைக்கு மனநோய் என்று ஆகிவிடாது. நல்லதங்காள் கூத்து பார்த்து அழுத நம் பாட்டிமார் எல்லாரும் நோயாளிகளா? கவனிக்க வேண்டியது மாற்றத்தை: தூக்கம், சாப்பாடு, பள்ளிக்கு வராமை, பிரியமான பொருள்களை எடுத்துக் கொடுத்துவிடுவது, சாவைப் பற்றிய பேச்சு. பெற்றோர் "காத்து கருப்பு" என்று கோயிலுக்கு அழைத்துப்போனால் தடுக்காதீர்கள். அப்படியே அரசாங்க கிளினிக்குக்கும் போகச் சொல்லுங்கள். அங்கே பதிவுக் கட்டணம் 1 ரிங்கிட்தான்.

7. அந்தப் பாத்திரத்துக்குத் துணையாக நின்றவர் யார் என்று கேளுங்கள்.

பிள்ளைகள் காயத்தை நன்றாக நினைவு வைத்திருப்பார்கள். ஆறிய விதத்தை மறந்துவிடுவார்கள். ஊரே ஒதுக்கிய நாருத்தோவுக்கு ராமென் வாங்கிக் கொடுத்தவர் இருக்கா, ஒரு பள்ளி ஆசிரியர். 'மார்ச் கம்ஸ் இன் லைக் எ லயன்' தொடரில், பெற்றோரை இழந்து தனியே வாழும் ரெய் என்ற பையனைக் கவாமோட்டோ சகோதரிகள் சாப்பிடக் கூப்பிடுகிறார்கள். பெரிய அறிவுரை எதுவும் அவர்கள் சொல்வதில்லை, சோறு போடுகிறார்கள். காராவும் நாருத்தோவோடு மோதிய பிறகு மாறி, தன் ஊருக்கே தலைவனாகிறான். "அந்த மாதிரி ஆள் உன் பக்கத்துல யாரு?" என்று கேட்க ஒருநாள் வாய்ப்பு வரும். பதில் "யாருமில்ல" என்றால், அடுத்த வாரமும் தவறாமல் வருவது உங்கள் வேலை.

8. டிக்டாக் துண்டுகளில் எச்சரிக்கை.

சோக இசையோடு அழுகைக் காட்சியை மட்டும் வெட்டி ஒட்டிய துண்டுகள் நாளெல்லாம் ஓடுகின்றன. அவற்றில் காயம் அழகாக இருக்கும். மீண்டுவந்த கதை இருக்காது. 'நாருத்தோ'வின் சசுக்கேயின் பழிவாங்கலும், 'டெத் நோட்' லைட்டின் ஆணவமும் துண்டாகப் பார்த்தால் வீரமாகத் தெரியும். முழுக்கதையையும் பார்க்கச் சொல்லுங்கள். 'தோக்கியோ கூல்' போன்ற ரத்தக் காட்சி நிறைந்தவற்றைச் சின்னப் பிள்ளைகளிடமிருந்து தள்ளி வையுங்கள்.

9. உங்கள் எல்லையைத் தெரிந்துகொள்ளுங்கள்.

2022 தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசிய இளையோரில் நான்கில் ஒருவர் மனச்சோர்வை உணர்கிறார். நீங்கள் கேட்கலாம், கூட இருக்கலாம். வைத்தியம் செய்ய முடியாது. பிள்ளை சாவைப் பற்றிப் பேசினால் "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்யாதீர்கள். பள்ளி ஆலோசக ஆசிரியரிடம் அன்றே சொல்லுங்கள். சுகாதார அமைச்சின் ஹீல் உதவித் தொலைபேசி எண் 15555. தற்கொலைக்கு முயல்வது குற்றம் என்ற சட்டம் 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. போலீஸ் வரும் என்று பயந்து மறைக்கும் குடும்பங்களுக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள்.

அந்த 15555 எண்ணை இப்போதே கைப்பேசியில் பதிந்துகொள்ளுங்கள். பிறகு அடுத்த சனிக்கிழமை வகுப்பில், கடைசி வரிசைப் பிள்ளையிடம் போய் எந்தத் தொடர் பார்க்கிறது, எந்தப் பகுதி வரை வந்திருக்கிறது என்று கேளுங்கள்.