மணிக்கட்டில் சுமக்கும் இரும்பு

அன்பு மருமகளுக்கு,

அத்தை எழுதுவது. உன் கடிதம் வந்தது. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.2 என்று வந்ததையும், விடுதித் தோழி கண்காட்சியில் வாங்கிக் கொடுத்த கறுப்பு மணி பிரேஸ்லெட்டைப் போட்ட இரண்டே வாரத்தில் சோர்வு குறைந்துவிட்டதையும் எழுதியிருந்தாய். கடைசியில் ஒரு வரி: "இது ஹேமடைட்டாம், ரத்தம் ஊறுமாம். நிஜமா அத்தை?" முப்பத்திரண்டு வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்தியவளிடம் ஒரு வரியில் கேட்டால், பதில் ஒரு வரியில் வருமா?

"எல்லாம் பொய், கழற்றிப் போடு" என்று போனிலேயே சொல்லியிருக்கலாம். நீயும் கழற்றியிருப்பாய். அடுத்த வருஷம் யாராவது செம்பு மோதிரத்தை நீட்டினால் மறுபடியும் எனக்கு எழுதுவாய். அதனால்தான் இந்த நீளக் கடிதம். இன்னொன்று, அந்தக் கல்லையும் ரத்தத்தையும் சேர்த்துப் பேசியவர்கள் ஒன்றும் முட்டாள்கள் இல்லை. பாதி வழி சரியாகத்தான் வந்தார்கள். எந்த இடத்தில் வழி தவறினார்கள் என்று பார்ப்பதுதான் பாடம்.

ஹேமடைட் உனக்குப் புதிதல்ல. மார்கழியில் ஆச்சி கோலத்தைச் சுற்றிக் காவி இடுவாள் இல்லையா? கோயில் மதிலில் வெள்ளைப் பட்டைக்கு அடுத்த பட்டை என்ன நிறம்? அந்தச் சிவப்பெல்லாம் ஹேமடைட்தான். களிமண்ணோடு கலந்து பொடியாகக் கிடந்தால் காவி. இறுகிப் பாறையாகி, பட்டை தீட்டி மெருகேற்றினால் எஃகு நிறத்தில் மின்னும் கல். இரண்டு பங்கு இரும்பு அணுவும் மூன்று பங்கு ஆக்சிஜன் அணுவும் சேர்ந்தது. சுருக்கமாகச் சொன்னால் துருவின் நெருங்கிய உறவு. சுத்தமான ஹேமடைட்டில் நூறு கிராமுக்கு எழுபது கிராம் இரும்பு. பெல்லாரியிலும் பைலாடிலாவிலும் மலை மலையாக வெட்டி எஃகு ஆலைக்கு அனுப்புவது இதைத்தான்.

வகுப்பில் நான் வருஷம் தவறாமல் செய்து காட்டும் ஒரு வேடிக்கை உண்டு. டைல்ஸின் பின்பக்கம், மெருகில்லாத சொரசொரப்பில் அந்தக் கறுப்புக் கல்லை அழுத்தி இழுப்பேன். கறுப்புக் கோடு விழும் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். விழுவது சிவப்பு. முதல் பெஞ்சிலிருந்து யாராவது ஒருத்தி "மிஸ், ரத்தம்!" என்று கத்துவாள்.

கிரேக்கர்களும் அப்படித்தான் கத்தியிருக்கிறார்கள். ரத்தத்துக்கு அவர்கள் சொல் ஹைமா. ஹேமடைட்டும் ஹீமோகுளோபினும் அந்த ஒரே சொல்லின் பிள்ளைகள். 2300 வருஷத்துக்கு முன்னால் கற்களைப் பற்றி நூல் எழுதிய தியோஃபிராஸ்டஸ், இந்தக் கல் உறைந்த ரத்தம் போல இருக்கிறது என்கிறார். பார்வைக்கு ரத்தம் போல இருந்தால் ரத்தத்துக்கு மருந்தாகவும் இருக்கும் என்று மனசு அடுத்த படிக்குத் தாவிவிடும். டியாஸ்கோரிடிஸ் என்ற வைத்தியர் ரத்தம் துப்புகிறவர்களுக்கு இந்தக் கல்லின் பொடியை மாதுளைச் சாற்றில் கலந்து கொடுக்கச் சொன்னார். பைசாந்தியத்தில், உதிரப்போக்கு நிற்காத பெண்ணை ஏசு குணமாக்கும் காட்சியை இதே கல்லில் செதுக்கித் தாயத்தாக அணிந்தார்கள்.

மருந்தோடு நிற்கவில்லை ஆசை. கி.பி. 77 வாக்கில் ரோமானியர் பிளினி தொகுத்த பெருநூலில் ஒரு செய்தி வருகிறது. பாபிலோனைச் சேர்ந்த ஸக்காலியாஸ் என்பவர் மித்ரிடாட்டிஸ் அரசனுக்கு எழுதிய நூலில், ஹேமடைட் வைத்திருந்தால் வழக்கு ஜெயிக்கும், அரசனிடம் போட்ட மனு பலிக்கும், போரிலும் உதவும் என்று சொல்லியிருந்தாராம். உன் தோழி வாங்கிய ஸ்டாலில் இருந்த அட்டையிலும் தன்னம்பிக்கை, பணவரவு, ரத்த ஓட்டம் என்று மூன்றும் வரிசையாக இருந்தன என்கிறாயே! சரக்குப் பட்டியல் இரண்டாயிரம் வருஷமாக மாறவே இல்லை.

சிரிக்காதே, நாமும் அதே ஆட்கள்தான். உனக்கு ரத்தம் குறைவு என்றதும் உன் அம்மா முதலில் வாங்கி வந்தது மாதுளையும் பீட்ரூட்டும்தானே? பீட்ரூட்டின் சிவப்பு வேறு சாயம், மாதுளையின் சிவப்பு வேறு சாயம். இரண்டுமே இரும்பு தந்த நிறமில்லை. இரண்டிலும் இரும்பு கொஞ்சம்தான். நல்ல உணவுதான், சாப்பிடு. ஆனால் அதை ரத்த மருந்தாக்கியது நம் கண், நம் உடம்பு அல்ல. சாயல் ஒன்றாக இருப்பது சான்று ஆகாது. இந்தக் கடிதத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதே.

கண் சும்மா ஊகித்ததில் ஒரு உண்மையும் அகப்பட்டது என்பதுதான் இந்தக் கதையின் ருசி. 1746இல் இத்தாலியின் பொலோனா நகரத்து மருத்துவர் வின்செஞ்சோ மெங்கினி ரத்தத்தை எரித்துச் சாம்பலாக்கிக் காந்தத்தைக் காட்டினார். சாம்பலில் இருந்த துகள்கள் எழுந்து ஒட்டிக்கொண்டன. ரத்தத்தில் இரும்பு! கல்லின் சிவப்பிலும் இரும்பு, ரத்தத்தின் சிவப்பிலும் இரும்பு. கிரேக்கர்கள் கண்ட சொந்தம் கற்பனை இல்லை.

சொந்தம் இருந்தாலும் குணம் வேறு. கல்லில் இரும்பு ஆக்சிஜனைப் பிடித்த பிடியை விடாது. 200 கோடி வருஷங்களுக்கும் முன்னால், கடலில் கரைந்திருந்த இரும்போடு அன்றைய நுண்ணுயிரிகள் வெளிவிட்ட ஆக்சிஜன் சேர்ந்து அடியில் படிந்தது. உலகத்தின் பெரிய இரும்பு மலைகள் பல அப்படி வந்தவை. அன்று பிடித்த ஆக்சிஜனை இன்றும் வைத்திருக்கின்றன. அதைப் பிரிக்க ஊதுலையின் சூடும் கரியும் வேண்டும். ஹீமோகுளோபினில் உள்ள இரும்போ நுரையீரலில் ஆக்சிஜனை ஏற்றி, கால் விரல் நுனியில் இறக்கி, மறுபடி ஏற்றப் போகிறது. ஒன்று பூட்டிய பெட்டி, மற்றது ஓடுகிற பஸ். நீ மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குவது ஏன் தெரியுமா? பஸ் போதவில்லை. பெட்டியைக் கையில் கட்டிக்கொண்டால் பஸ் கூடுமா?

ஒரு கணக்குப் போட்டுப் பார். உன் பிரேஸ்லெட் முப்பது கிராம் எடை, அத்தனையும் அசல் ஹேமடைட் என்று வைத்துக்கொள். அதில் இருபத்தொரு கிராம் இரும்பு. உன் உடம்பில் உச்சி முதல் உள்ளங்கால் வரை இருக்கும் மொத்த இரும்பு மூன்று கிராம்கூடத் தேறாது. அதைப்போல ஏழு மடங்கை மணிக்கட்டில் சுமந்துகொண்டு இரும்புப் பற்றாக்குறையோடு உட்கார்ந்திருக்கிறாய்! அந்தக் கல் கரையாது. கரைந்தாலும் தோல் உள்ளே விடாது. இரும்புக்கு நம் உடம்பில் வாசல் ஒன்றுதான், சிறுகுடலின் முற்பகுதி. வாய் வழியாகத்தான் அங்கே போக முடியும்.

அதைக் கண்டுபிடித்தவர்களும் உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் லண்டன் மருத்துவர் தாமஸ் சிடனம், வெளிறிப்போன இளம்பெண்களுக்கு இரும்புத் தூளை உள்ளுக்குக் கொடுத்தார். 1832இல் பிரான்சில் பியர் ப்ளோ இரும்பு உப்பில் மாத்திரை உருட்டினார். நீ விழுங்கும் மாத்திரைக்கு அது பாட்டி முறை. நம் சித்த வைத்தியர்களும் பாண்டு என்னும் ரத்தசோகை நோய்க்கு அயச்செந்தூரம் என்று இரும்பைப் புடம் போட்டு உள்ளுக்குத்தான் கொடுத்தார்கள், கையில் கட்டிவிடவில்லை. அதற்காக நீயாகக் கடையில் வாங்கிச் சாப்பிட்டுவிடாதே. அளவு தெரியாத உலோக மருந்து விளையாட்டில்லை. ரத்தம் இல்லாதவளுக்கு ஆட்டுச் சுவரொட்டியை வதக்கிக் கொடுப்பாளே ஆச்சி, அதுவும் சரியான வைத்தியம். அது மண்ணீரல். பழைய சிவப்பணுக்களை உடைத்து இரும்பைச் சேமிக்கும் இடம். அந்த இரும்பை உடம்பு எளிதாக எடுத்துக்கொள்ளும்.

இனி உன் பிரேஸ்லெட். மணிகள் ஒன்றோடொன்று டப்பென்று ஒட்டிக்கொள்கின்றன, "அவ்வளவு பவர்" என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இயற்கை ஹேமடைட்டைக் காந்தம் மிக மெல்லத்தான் ஈர்க்கும். தனக்குத்தானே ஒட்டும் பலம் அதற்கில்லை. டப்பென்று ஒட்டுவது ஃபெரைட். இரும்பு ஆக்சைடையும் பேரியம் அல்லது ஸ்ட்ரான்ஷியம் உப்பையும் சேர்த்துச் சூளையில் சுட்டு எடுக்கும் செயற்கைப் பொருள். ஒலிபெருக்கிக்குள் வட்டமாகக் கறுப்புக் காந்தம் இருக்குமே, அதன் தம்பி. சந்தையில் "காந்த ஹேமடைட்" என்ற பெயரில் வருவது பெரும்பாலும் இதுதான். ஆக, எந்தக் கல்லுக்கு அந்த மகிமையெல்லாம் சொன்னார்களோ, அந்தக் கல்லே உன் கையில் இல்லை. இருந்தும் சோர்வு குறைந்தது என்கிறாய். இதைக் கொஞ்சம் யோசி.

காந்தமாகவே இருக்கட்டும், அது ரத்தத்தில் உள்ள இரும்பை இழுத்து ஓட்டத்தைக் கூட்டாதா என்று கேட்பாய். மெங்கினியின் துகள்கள் ஒட்டியது ரத்தத்தை எரித்த பிறகு. 1936இல் லைனஸ் பாலிங்கும் சார்லஸ் கோரியலும் ரத்தத்தை அப்படியே சோதித்தார்கள். ஆக்சிஜன் ஏறிய ரத்தத்தைக் காந்தம் ஈர்ப்பதே இல்லை, மிக மிக மெல்லத் தள்ளுகிறது. ஆக்சிஜனை இறக்கிய ரத்தத்தைத்தான் கொஞ்சமே கொஞ்சம் ஈர்க்கிறது. எம்ஆர்ஐ ஸ்கேன் இயந்திரத்தின் காந்தம் சாதாரணமாக 1.5 டெஸ்லா, உன் மணிகளைவிடப் பல மடங்கு. அதற்குள் அரை மணி நேரம் படுத்து எழுந்து வருகிற யாருக்கும் ரத்தம் பாய்ச்சல் எடுப்பதில்லை.

இவ்வளவு பேசும் அத்தையும் ஏமாந்தவள்தான். ஆறு வருஷத்துக்கு முன் முழங்கால் வலிக்கு ஆயிரத்து எண்ணூறு ரூபாய் கொடுத்து ஒரு காந்த வளையல் வாங்கினேன். வலியும் குறைந்தது. வலி உச்சத்தில் இருந்தபோது வாங்கினேன். உச்சத்துக்குப் போன வலி தானாகவே இறங்கும். அதே மாதம் மாடி வீட்டைக் காலி செய்து தரைத்தளத்துக்கு வந்திருந்தேன். பேர் மட்டும் வளையலுக்கு. 2013இல் இங்கிலாந்தில் ஸ்டூவர்ட் ரிச்மண்டும் குழுவும் வெளியிட்ட ஆய்வைப் பிறகுதான் படித்தேன். முடக்குவாதம் உள்ள 70 பேருக்கு நல்ல காந்தப் பட்டை, பலம் குறைந்த பட்டை, காந்தம் நீக்கிய பட்டை, செம்பு வளையல் என நான்கையும் மாற்றி மாற்றி, ஒவ்வொன்றும் ஐந்து வாரம் அணியச் செய்தார்கள். காந்தமும் செம்பும் வெறும் பட்டையை ஜெயிக்கவில்லை.

கல்லைக் கையில் பிடித்ததும் சூடு ஏறுகிறது, கூச்சம் ஓடுகிறது என்பார்கள். பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். 2001இல் லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியின் உளவியலாளர் கிறிஸ்டோபர் ஃபிரெஞ்ச் 80 பேரிடம் பளிங்குக் கற்களைக் கொடுத்துப் பார்த்தார். சிலருக்கு அசல், சிலருக்குப் போலி. அவர்களில் பாதிப் பேரிடம், என்னென்ன தோன்றலாம் என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்கள். அசலைப் பிடித்தவர்களுக்குத் தோன்றியதெல்லாம் போலியைப் பிடித்தவர்களுக்கும் தோன்றியது. உணர்வு நிஜம், அது வந்த இடம்தான் கல் இல்லை.

உன் இரண்டு வாரத்தையும் அப்படிப் பிரித்துப் பார். செமஸ்டர் பரீட்சை எந்தத் தேதியில் முடிந்தது? ஊருக்கு வந்து எத்தனை மணி நேரம் தூங்கினாய்? டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை எந்த நாளில் ஆரம்பித்தாய்? பிரேஸ்லெட்டோடு சேர்ந்து மாறியவற்றை ஒரு தாளில் எழுது. எழுதி முடிக்கும்போது கல்லின் பங்கு எவ்வளவு என்று உனக்கே தெரியும்.

இப்போது செய்ய வேண்டியது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வுப்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. ஆக இது உன் குற்றமில்லை, வெட்கப்படவும் ஒன்றுமில்லை. மாதவிலக்கில் போக்கு அதிகமா, குடற்புழு உண்டா என்று டாக்டர் கேட்டால் மறைக்காமல் சொல். காரணத்தை விட்டுவிட்டு இரும்பை மட்டும் ஊற்றினால் ஓட்டைக் குடத்தில் தண்ணீர். மாத்திரையை எலுமிச்சைச் சாற்றோடு சாப்பிடு, புளிப்பு இரும்பை உள்ளே இழுக்கும். டீ, காபி, பால் எதுவும் ஒரு மணி நேரத்துக்கு முன்னும் பின்னும் வேண்டாம். வயிற்றைப் புரட்டினால் சாப்பாட்டுக்குப் பின் போடு. மலம் கறுத்துப் போகும், பயப்படாதே. ஒரு மாதம் கழித்து மறுபடி ரத்தம் கொடுத்துப் பார். எண் சரியானதும் நிறுத்திவிடாதே. கையிருப்பு நிரம்ப இன்னும் சில மாதம் பிடிக்கும்.

பிரேஸ்லெட்டைத் தூக்கி எறியச் சொல்ல மாட்டேன். அன்போடு கொடுத்தது, கைக்கும் அழகு. தாத்தாவுக்குப் பேஸ்மேக்கர் இருக்கிறது, அதனால் அவர் மார்பருகே கொண்டுபோகாதே. நூல் அறுந்தால் மணிகளை எண்ணிப் பொறுக்கு. உன் தம்பி இரண்டை விழுங்கிவிட்டால் குடலின் இரு மடிப்புகளுக்கு இடையே ஒட்டிக்கொண்டு குடலையே துளைத்துவிடும்.

ராத்திரி படுக்கும்போது அதைக் கழற்றி மாத்திரை டப்பாவின் மேல் சுற்றி வை. மாத்திரை போடாமல் காலையில் பிரேஸ்லெட்டை எடுக்கக் கூடாது என்று உனக்கு நீயே ஒரு சட்டம் வைத்துக்கொள். ரத்தம் ஊற அந்தக் கல் செய்யக்கூடிய உதவி அது ஒன்றுதான்.

அடுத்த பரிசோதனையின் எண்ணை எழுது. மணி ஒன்றை டைல்ஸின் பின்பக்கத்தில் இழுத்துப் பார்த்து, என்ன நிறக் கோடு விழுந்தது என்பதையும் எழுது.

அன்புடன்,
அத்தை