வீட்டில் மேற்பார்வையாளர் யார்?



அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-இல் தோன்றியது. ஆவடியில் 1965-இல் முதல் விஜயந்தா டாங்கி உருவாயிற்று. இயந்திரங்களோடு பழகிய தந்தையரும் அண்ணன்மாரும் நம் பகுதியில் வீட்டுக்கு ஒருவர் உண்டு. ஆனாலும் விபத்து வீட்டைத் தேடி வருகிறது. ஏன்?

நம் தோழி ஒருத்தியின் தந்தை இருபது ஆண்டுகள் காயமின்றித் தொழிற்சாலையில் உழைத்தவர். ஒரு ஞாயிறன்று வீட்டு வெளிக்கதவின் கம்பியைக் கட்டிங் மெஷினால் அறுத்தார். "ஐந்து நிமிட வேலைக்குக் கண்ணாடி எதற்கு?" என்றார். இரும்புத்துகள் கண்ணில் பாய்ந்தது. பார்வை தப்பியது, ஒரு மாத ஊதியம் தப்பவில்லை.

தொழிற்சாலையில் சட்டம் உண்டு, மேற்பார்வையாளர் உண்டு. சுழலும் பாகங்களுக்குக் காப்பு வேண்டுமென 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே விதித்தது. வீட்டில் கேட்பார் யார்? நாம்தான் கேட்க வேண்டும்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். நான்கு அங்குல அறுப்புத் தட்டின் சுற்றளவு ஏறக்குறைய 32 செ.மீ. அது நிமிடத்திற்கு 11,000 முறை சுழன்றால், அதன் விளிம்பு மணிக்கு 200 கிலோ மீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓடுகிறது! தட்டு உடைந்தால் துண்டுகளும் அவ்வேகத்திலேயே பறக்கும். ஆகவே காப்புமூடியைக் கழற்றலாகாது. தட்டில் அச்சிட்டுள்ள சுழற்சி எண், இயந்திரத்தின் எண்ணைவிடக் குறைவாக இருக்கலாகாது. தட்டை மாற்றுமுன் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும்.

அடுத்தது மின்சாரம். மூன்று முனைப் பிளக்கில் ஒரு முனை மட்டும் நீண்டு தடித்திருப்பதைக் கண்டிருக்கிறோம். அது எர்த் முனை. செருகும்போது முதலில் தொட்டு, பிடுங்கும்போது கடைசியில் விலகி நம்மைக் காக்கிறது. பிளக் இல்லாமல், வெறும் கம்பிகளைத் தீக்குச்சி வைத்துச் செருகுவோர் இந்தக் காவலை இழக்கின்றனர். ஐப்பசி, கார்த்திகை மழையில் முற்றம் ஈரமாக இருக்கையில் மின்கருவி வேண்டாம். கசிவு மின்சாரம் 30 மில்லி ஆம்பியரை எட்டுமுன் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. வீட்டில் இருப்பது நலம்.

நமக்கும் ஒரு சொல்: டிரில்லிங் மெஷின் அருகே செல்லுமுன் பின்னலைச் சுருட்டிக் கட்டுவோம், துப்பட்டாவைக் களைந்து வைப்போம். தளர்ந்த கையுறையும் வேண்டாம். சுழலும் முனை அதைக் கையோடு இழுத்துக்கொள்ளும்.

எவரையேனும் மின்சாரம் தாக்கினால் அவரைத் தொடாமல் முதலில் மெயின் சுவிட்சை அணைப்போம். பிறகு 108-ஐ அழைப்போம்.

வரும் ஞாயிறு அப்பா கருவியை எடுக்கும்போது, கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு அருகில் நிற்போம். "இதைப் போட்டுக்கொள்ளுங்கள், அப்பா" என்று சொல்வோம். மகள் சொன்னால் மறுக்கும் தந்தை எவர்?