எழுதிய முகவரி ஏன் நிற்பதில்லை?

கேள்வி: மகளுக்கு அரசு கொடுத்த பழைய லேப்டாப்பை எங்கள் கைத்தறிச் சேலைக் கடையில் வைத்திருக்கிறோம். பாஸ் லினக்ஸ் ஓடுகிறது. ரிசால்வ்.கான்ஃப் கோப்பில் டிஎன்எஸ் முகவரியை மாற்றினால், மறுநாள் பழையபடி ஆகிவிடுகிறது. வைரஸ் வேலையா?
– வாசகர், பரமக்குடி

பதில்: வைரஸ் இல்லை, பயப்படாதீர்கள். அந்தக் கோப்பின் முதல் வரியைப் படித்துப் பாருங்கள். ‘ஜெனரேட்டட் பை நெட்வொர்க்மேனேஜர்’ என்றிருக்கும். ஆள் கையெழுத்தே போட்டிருக்கிறார்!

2004இல் ரெட் ஹேட் நிறுவனம் தொடங்கிவைத்த சேவை இது. கணினியைப் போட்டதும் பின்னணியில் ஓடத் தொடங்கி, வைஃபையோ கேபிளோ கிடைத்ததைப் பிடித்து, ரவுட்டர் சொல்லும் டிஎன்எஸ் முகவரியை அந்தக் கோப்பில் எழுதிவிடும். நீங்கள் எழுதியது அதற்குத் தெரியாது.

ஆகவே அதனிடமே சொல்லிவிடுங்கள். நெட்வொர்க் ஐகானில் ரைட் கிளிக் செய்து, ‘எடிட் கனெக்‌ஷன்ஸ்’ போய், உங்கள் வைஃபை பெயரைத் திறந்து, ஐபிவி4 பக்கத்தில் ‘அட்ரஸஸ் ஒன்லி’ வகையைத் தேர்ந்து, டிஎன்எஸ் கட்டத்தில் முகவரியைப் போடுங்கள். சேமித்தபின் இணைப்பை ஒருமுறை துண்டித்து மீண்டும் இணைக்க வேண்டும். பலரும் மறப்பது இதைத்தான்.

‘இன்டர்ஃபேசஸ் கோப்பில் எழுது’ என்று யாராவது சொல்வார்கள். சி-டாக் உருவாக்கிய பாஸ், டெபியன் வழி வந்தது. அதில் அப்படி எழுதப்பட்ட இணைப்பை நெட்வொர்க்மேனேஜர் பொதுவாகத் தொடாது. ஒரே இடத்தில் கிடக்கும் சர்வருக்கு அது சரி. கடைக்கும் வீட்டுக்கும் தூக்கிச் செல்லும் லேப்டாப்புக்கு வேண்டாம்.