எக் பாய்லர்: தண்ணீர்தான் கடிகாரம்

முட்டை கூடினால் தண்ணீரும் கூட வேண்டும். அடுப்பில் பாத்திரம் வைத்துப் பழகிய கை போடும் கணக்கு இது. எக் பாய்லரில் இந்தக் கணக்கு தலைகீழ். கூடவே வரும் சின்ன அளவுக் கப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், ஒரு முட்டைக்கான கோடு மேலேயும் ஏழு முட்டைக்கான கோடு கீழேயும் இருக்கும். மாற்றி அச்சடித்துவிட்டார்கள் என்று நினைத்து, ஏழு முட்டைக்குக் கப் நிறைய ஊற்றுகிறவர்கள் உண்டு.

பிழை ஏதும் இல்லை. இந்தக் கருவியில் முட்டை தண்ணீரில் மூழ்குவதில்லை, ஆவியில் வேகிறது. அடித்தட்டில் கொதிக்கும் தண்ணீர் ஆவியாகி, குளிர்ந்த ஓட்டில் பட்டு, மறுபடி நீராகித் தட்டிலேயே சொட்டுகிறது. முட்டை கூடக்கூடச் சொட்டும் நீரும் கூடும். அதே தண்ணீர் திரும்பத் திரும்பக் கொதிக்கும். அதனால்தான் குறைவாக ஊற்றினால் போதும்.

தட்டு வறண்டதும் அதன் சூடு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டி மளமளவென ஏறும். அடியில் உள்ள தெர்மோஸ்டாட் அதை உணர்ந்து மின்சாரத்தைத் துண்டிக்கும். 1955இல் ஜப்பானின் தோஷிபா நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த தானியங்கி ரைஸ் குக்கரும் இதே வழியில்தான் இயங்கியது: வெளிப்பாத்திரத்துத் தண்ணீர் வற்றிச் சூடு ஏறியதும் ஈருலோகத் தகடு வளைந்து சுவிட்சை அணைத்துவிடும். ஆக, எக் பாய்லரில் நேரத்தை அளப்பது தண்ணீர்தான். அளவு குறைந்தால் மஞ்சள் கரு இளக்கமாக நிற்கும், கூடினால் இறுகும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே கோட்டளவு ஊற்றியும் முட்டை சரியாக வேகவில்லை என்றால் கருவியைக் குறை சொல்ல வேண்டாம். கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் விட்டால் சரியாகிவிடும்.

“தானாக அணைந்துவிடும், போட்டுவிட்டுக் குளிக்கப் போகலாம்” என்பதுதான் இருப்பதிலேயே ஆபத்தான நம்பிக்கை. பல மாடல்களில் தெர்மோஸ்டாட் துண்டிப்பது தற்காலிகமாகத்தான். தட்டு ஆறியதும் இணைப்பு தானே திரும்பும், விளக்கு மறுபடி எரியும், தண்ணீரே இல்லாத தட்டு வெறுமனே காயத் தொடங்கும். யாரும் கவனிக்காவிட்டால் இது மாறி மாறி நடந்துகொண்டே இருக்கும். விளக்கு அணைந்ததும் சுவர் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். மூடியைத் திறக்கும்போது முகத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்த்துத் தூக்குவது அவசியம். கொதிநீரைவிட ஆவி கடுமையாகச் சுடும். தோலில் பட்டு நீராக மாறும்போது தன்னுள் வைத்திருந்த வெப்பத்தையெல்லாம் அங்கேயே இறக்கிவிடும்.

“எவர்சில்வர் தட்டுதானே, குழாயில் காட்டிக் கழுவினால் என்ன?” தட்டுக்கு நேர் கீழே ஹீட்டரும் வயர்களும் இருக்கின்றன. உள்ளே இறங்கிய ஈரம் வெளியிலிருந்து தெரியாது, அடுத்த முறை சுவிட்ச் போடும்போதுதான் வேலையைக் காட்டும். மூடியையும் முட்டைத் தாங்கியையும் தாராளமாகக் கழுவலாம். அடிப்பாகத்துக்கு, நன்றாக ஆறிய பிறகு, பிழிந்த ஈரத்துணி போதும். மேலே பிளாஸ்டிக்தானே என்று மூன்று முனை பிளக்கை இரண்டு முனை அடாப்டரில் செருகுவதும் தவறு. ஈரமும் மின்சாரமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் உலோகத் தட்டுக்கு எர்த் கட்டாயம் வேண்டும். வீட்டு மெயினில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவைக் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருந்தால் இன்னொரு காவல்.

தட்டில் வெள்ளை வெள்ளையாகப் படிவதைப் பார்த்து, கருவி பழுதாகிவிட்டது என்று தூக்கிப் போடுகிறார்கள். அது போர்வெல் தண்ணீரின் சுண்ணாம்புச் சத்து. கொஞ்சம் வினிகரோ எலுமிச்சைச் சாறோ விட்டு ஊறவைத்துத் துடைத்தால் போய்விடும். கத்தியால் சுரண்டவோ கம்பி நார் போட்டுத் தேய்க்கவோ கூடாது.

அளவுக் கப்பின் அடியில் இருக்கும் ஊசியால் துளை போட்டால் முட்டை கீறவே கீறாது என்பது பாதி உண்மை. முட்டையின் அகன்ற முனையில் காற்றறை இருக்கிறது. துளை அங்கே விழுந்தால் சூட்டில் விரியும் காற்று வெளியேற வழி கிடைக்கும். ஏற்கெனவே மயிரிழைக் கீறல் உள்ள முட்டையை எந்த ஊசியும் காப்பாற்றாது. வேகவைக்கப் போகும் நேரத்தில்தான் துளைக்க வேண்டும். துளைத்த பச்சை முட்டையை எடுத்து வைத்தால் கிருமிக்குக் கதவு திறந்த மாதிரி.

மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சை வளையம் தெரிந்தால் கெட்டுவிட்டதாக அர்த்தமில்லை. கூடுதல் நேரம் வெந்ததில் வெள்ளைக் கருவின் கந்தகமும் மஞ்சள் கருவின் இரும்பும் சேர்ந்த நிறம் அது, தாராளமாகச் சாப்பிடலாம். கவலைப்பட வேண்டியது இளக்கமான கருவைப் பற்றித்தான். சால்மோனெல்லா கிருமி அதில் பிழைத்திருக்கக்கூடும் என்பதால், கர்ப்பிணிகளுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் கெட்டியாக வெந்த முட்டையையே கொடுக்க வேண்டும். மிச்சமானதை இரண்டு மணி நேரத்துக்குள் ஓட்டோடு ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் வரை தாங்கும். அதை எடுத்து முழுசாக மைக்ரோவேவில் சூடுபடுத்த வேண்டாம். உள்ளே அடைபட்ட ஆவியால் வெளியே எடுத்த பிறகும், கடிக்கும் நேரத்தில்கூட, வெடிக்கலாம்.