மார்க்கர் படுக்கட்டும், பென்சில் நிற்கட்டும்!

பேனா, பென்சில், மார்க்கர் எல்லாம் ஒரே டப்பாவில் குவிந்தால், தேடும் நிறம் எப்போதும் அடியில்தான் கிடக்கும். முதலில் ஒவ்வொன்றையும் பழைய தாளில் கிறுக்கிப் பார்த்து, காய்ந்ததைக் கழித்துவிட வேண்டும்.

இருபுறமும் முனையுள்ள ஆல்கஹால் மார்க்கரைப் படுக்கவைப்பதே நல்லது. நிறுத்தினால் மை கீழிறங்கி மேல்முனை வறளும். காப்பிக் என்ற பிராண்டின் ஸ்கெட்ச் மார்க்கர் வரிசையில் மட்டும் 358 நிறங்கள்! மூடியின் நிறத்தை நம்பக்கூடாது. தாளில் அது வேறாக விழும். படம் வரையும் அதே தாளில் கட்டம் போட்டு, நிறம் தீட்டி, பக்கத்தில் எண்ணெழுதி, பெட்டியின் மூடிக்குள் ஒட்டிவைக்கலாம். காப்பிக் எண்ணின் முன்னெழுத்து 'பிஜி' என்றால் நீலப்பச்சை, 'இ' என்றால் மண்நிறம். அந்த எழுத்துப்படியே அடுக்கினால் கை தானாகப் போகும்.

வண்ணப் பென்சில்கள் கூர்முனை மேலே தெரிய டம்ளரில் நிற்கட்டும். கீழே விழுந்தால் உள்ளிருக்கும் வண்ணக்குச்சி துண்டுபடும்; பிறகு சீவச்சீவ முனை உடைந்துகொண்டே இருக்கும்.